அம்மாகிட்ட வா

“‘அம்மாகிட்ட வா’ன்னு கூப்பிடும்மா. எத்தனை வாட்டி சொல்றது?”

“இங்க வா கண்ணு” என்றாள் அவள்.

கைதட்டு டீச்சருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

அது பட்டப்பெயர். முகம் பார்க்கவும் பேசவும் தாமதமாகும் குழந்தைகளின் பெற்றோருக்குப் பயிற்சி கொடுப்பவர் அவர். பிள்ளை லேசாகத் திரும்பினாலே போதும், மேடை நிகழ்ச்சிக்கு வந்தவர் மாதிரி கைதட்டிவிடுவார்.

இந்தப் பையனுக்கு ஒன்றரை வயது ஆகப்போகிறது. வந்த புதிதில் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். முகம் பார்க்க மாட்டான். வேண்டியதை விரல் நீட்டிக் காட்ட மாட்டான். இவள்தான் வாரம் தவறாமல் தூக்கிக்கொண்டு வருவாள். தரையில் கவிழ்ந்து படுத்து, அவன் கண்ணுக்கு நேரே முகத்தைக் கொண்டுபோய், கூப்பிட்டுவிட்டுக் காத்திருப்பாள். அவன் புருவம் அசைந்தால்கூட உடனே பதில் கொடுப்பாள். இப்போதெல்லாம் அவள் முகத்தை விட்டு அவன் கண்ணை எடுப்பதில்லை.

ஆனால் அவள் வாயில் ‘அம்மா’ மட்டும் வராது. “அம்மா ஊதறேன் பார்” என்று சொல்லச் சொன்னால், “ஊதறேன் பார்” என்பாள்.

“என்னம்மா, வெட்கமா?”

“பழகலை டீச்சர்.”

“பெத்து ஒன்றரை வருஷம் ஆகப்போகுது, இன்னும் பழகலையா?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிள்ளைக்கு இப்படி ஒரு குறை இருக்கே என்று தாயென்று சொல்லிக்கொள்ளக் கூசுகிறாள். டீச்சர் அப்படித்தான் முடிவு கட்டியிருந்தார். இப்படி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறார்!

டீச்சரிடம் ஒரு கண்டிப்பு உண்டு. பெற்றவர்கள்தான் வரவேண்டும். வாசலில் போர்டே மாட்டியிருந்தார். “பெத்த பிள்ளைக்காக வாரத்துல ஒரு மணி நேரம் உட்கார முடியாதவங்க என் படி ஏற வேண்டாம்” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக் காட்டுவார்.

அன்றைக்குச் சோப்புக் குமிழி ஊதும் பயிற்சி. ஒரு தடவை ஊதிவிட்டு, புட்டியை மூடி வைத்துக்கொண்டு, பிள்ளை கேட்கும்வரை காத்திருக்க வேண்டும். அவள் மூச்சுக்கூட விடாமல் காத்திருந்தாள்.

பையன் புட்டியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

“ம்... மா. அம்மா!”

டீச்சர் எழுந்து நின்றே கைதட்டினார். அப்புறம்தான் பார்த்தார், அவள் பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

“வேணாம் கண்ணு. அது வேணாம். சொல்லாத.”

“அடிப்பாவி! இதுக்காகத்தானே இத்தனை நாளா தவம் கிடக்கோம்? நீயெல்லாம் ஒரு தாயா?”

“டீச்சர், நான் சொல்றதைக் கொஞ்சம்...”

“நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். உன் வீட்டுல பேசறேன். வந்து உன் லட்சணத்தைப் பார்க்கட்டும்.”

“ஐயோ, வேண்டாம் டீச்சர்! உங்க கால்ல விழறேன்!”

டீச்சரா கேட்பார்? சேரும்போது கொடுத்திருந்த நம்பருக்குப் போன் போட்டார். ஒரு பெண் எடுத்தாள். நாத்தனாராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

“உங்க வீட்டுப் பையன் இப்போ அம்மான்னு கூப்பிட்டான்! இவ என்னடான்னா அவன் வாயைப் பொத்தறா!”

அந்தப் பக்கம் இருந்தவள் கேட்டாள்.

“யாரைப் பார்த்துக் கூப்பிட்டான்?”

“இதென்ன கேள்வி? அவன் அம்மாவைப் பார்த்துத்தான்.”

“அவன் அம்மா நான்.”

போன் கட்டாகிவிட்டது. டீச்சர் திரும்பிப் பார்த்தார். அவள் தரையில் சிந்திய சோப்புத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“நான் பிள்ளையைப் பார்த்துக்க வேலைக்கு வந்தவ டீச்சர். பெத்தவங்கதான் வரணும்னுட்டீங்க. அவங்க ரெண்டு பேருக்கும் லீவு கிடைக்கலை. ‘அம்மான்னு சொல்லி உட்காரு’ன்னு அனுப்பினாங்க. உங்ககிட்ட பொய் சொல்ல வாய் வந்துச்சு. இவன்கிட்ட சொல்ல வரலை.”

கொஞ்ச நேரத்தில் பெற்றவளே வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். வேலைக்கு வந்தவள் மட்டும் தனியாக வாசல் கதவைத் தாண்டிப் போனாள். பையன் கதறித் தீர்த்துவிட்டான்.

அடுத்த வாரம் பெற்றவள் வந்தாள். கண் வீங்கியிருந்தது.

“அவளை அன்னிக்கே நிறுத்திட்டோம். பிள்ளை முதல் தடவை அம்மான்னு சொன்னதை நான் கேக்கலையே டீச்சர்!”

“இனிமே கேப்பீங்க. பெத்தவ வந்தாத்தான் பிள்ளை தேறும்” என்றார் டீச்சர். எப்போதும் அடித்துச் சொல்கிறவருக்கு அன்று குரல் எழும்பவில்லை.

பாவம், பெற்றவளையும் குறை சொல்ல முடியாது. போட்டிருந்த நல்ல உடுப்போடு தரையில் படுத்து, டீச்சர் சொல்லிக்கொடுத்தபடியே, “அம்மாகிட்ட வா ராஜா, அம்மாகிட்ட வா” என்று கூப்பிட்டாள். ஒரு இடத்தில்கூடத் தப்பில்லை.

பையன் திரும்பவில்லை. டீச்சரின் முகத்தைப் பார்த்தான். கையை உயர்த்தினான். ஆள்காட்டி விரலை நீட்டிக் கதவைக் காட்டினான். மறுபடியும் டீச்சரின் முகத்தைப் பார்த்தான்.

மாதக்கணக்கில் டீச்சர் காத்துக்கிடந்த விரல் அது. கைதட்டத்தான் கை வரவில்லை.

“விரல் நீட்டறான் டீச்சர்!” பெற்றவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “பிள்ளை எதைக் கேட்டாலும் உடனே பதில் குடுக்கணும்னு சொன்னீங்களே. எதைக் கேக்கறான்?”

“ஒண்ணுமில்லைம்மா. காத்துல கதவு ஆடுதில்ல, அதைக் காட்டறான்” என்று சொல்லி, எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார் டீச்சர்.