அட்டவணையில் இல்லாத தாய்மாமன்

வெளிறிய சுவரில் குடும்ப அட்டவணை பனிபோல மிதந்துகொண்டிருந்தது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஏஐ ஏஜென்ட்டுகள் அதன் வரிகளில் மின்மினிகளாக ஊர்ந்துதான் எதையும் தேடி எடுக்கும். வரி இல்லாத இடத்துக்கு அவற்றுக்கு வழி தெரியாது. தன் சொல்லை மீறி மணம் முடித்த மகன் நன்மாறனின் வரியை வீட்டுப் பெரியவர் குலசேகரம் என்றோ தன் கையாலேயே நீக்கியிருந்தார்.

"பேத்தியின் காதுகுத்துக்கு எல்லாம் தயார், ஐயா," என்றது ஏஜென்ட். "குடும்பத்தில் தாய்மாமன் இல்லாததால், குழந்தையை மடியில் உட்காரவைக்க வாடகைக்கு ஒருவரைப் பேசியிருக்கிறேன். பட்டு வேட்டியோடு வந்துவிடுவார்."

குழந்தையின் தாயான மகள் பூங்கோதை சிரித்துவிட்டாள். "நல்ல மீசை வச்ச ஆளா அனுப்பச் சொல்லுங்கப்பா. நம்ம கௌரவம் என்னாகிறது?"

குலசேகரத்தின் முதுகு விறைத்தது. ஊரே பார்க்க, தன் பேத்தி எவனோ ஒருவன் மடியிலா? எழுந்து சுவரருகே போனவர், விரலால் 'மகன் நன்மாறன்' என்று எழுதினார். மின்மினிகள் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பின. இருண்டு கிடந்த மூலை மெல்ல வெளுத்தது.

"இவருக்கு அழைப்பு அனுப்பட்டுமா, ஐயா?"

"தாய்மாமனை வீட்டுப் பெரியவங்க நேர்ல போய்த்தான் அழைக்கணும்," என்றார், துண்டைத் தோளில் சரிசெய்தபடி. "நீ அவன் வீட்டுக்கு வழியை மட்டும் சொல்லு."