காதில் சொன்னது

மொத்தம் பதினான்கு மணி நேரம். ஏழு சனிக்கிழமைகள், இரண்டிரண்டு மணி நேரமாக, குடும்ப நீதிமன்றத்தின் குழந்தைகள் அறையில் தன்ஷிகா தன் அப்பாவைச் சந்தித்தாள். அவளுக்கு ஆறு வயது. கூடவே உட்கார்ந்து, பார்த்ததை அறிக்கையாக எழுதுவது என் வேலை. அவர் ஒருமுறைகூடக் குரலை உயர்த்தவில்லை. வந்ததும் அவளை மடியில் இருத்தி, கையால் மறைத்துக்கொண்டு காதில் ஏதோ சொல்வார். அவள் உடனே சிரிப்பாள். நேரம் முடியும்வரை பல் தெரியச் சிரித்துக்கொண்டே இருப்பாள். அவளுடைய அம்மாவின் தாடை முறிந்த எக்ஸ்ரே கேஸ் கட்டில் இருந்தது. ஆனால் நான் பார்த்ததைத்தானே எழுத முடியும்? 'தந்தையுடன் குழந்தை மகிழ்ச்சியாக இருக்கிறது' என்று ஏழு முறை எழுதினேன்.

இன்று நீதிபதி அந்த வரியை வாசித்துவிட்டு, இனி சனி, ஞாயிறு இரண்டு நாளும் குழந்தை அப்பா வீட்டில் இருக்கட்டும் என்றார். அவளுடைய அப்பா காரை எடுத்துவரப் போனார். தன்ஷிகாவுக்குச் செருப்பு மாட்டிவிட்டுக்கொண்டே கேட்டேன்.

"அப்படி என்னடி ஜோக் சொல்வாரு உங்கப்பா? எனக்கும் சொல்லேன், நானும் சிரிக்கிறேன்."

அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வராண்டாவில் அவர் திரும்பி வருவது தெரிந்ததும் பல் தெரியச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு மாறாமலே சொன்னாள்.

"ஜோக்கெல்லாம் இல்ல மிஸ். நான் சிரிக்கிறத நிறுத்துனா அன்னைக்கே அம்மாவக் கொன்னுடுவேன்னு சொல்வாரு."