முப்பது தடவை

“கண்ணாடியப் பாத்து ‘என்னை நான் மன்னிக்கிறேன்’னு முப்பது தடவ சொல்லுங்கக்கா, மனசு லேசாயிடும்” என்று சொல்லித்தான் நிரஞ்சன் தவமணியைப் படம் பிடித்தான். பதினொன்றாவது தடவையில் அவள் செத்துப்போன மகளின் பெயரைச் சொல்லி அலறினாள்.

“கேமராவ நிறுத்து தம்பி.”

“நிறுத்திட்டேன்க்கா.”

இன்று அவனுடைய கண்காட்சிக் கூடத்தின் சுவர் முழுக்க புரொஜெக்டர் ஒளியில் அந்த அலறல்தான் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது.

“இத எடுத்துடு” என்றாள் அங்கே வந்து நின்ற தவமணி.

“இதுதான்க்கா இந்தப் படைப்போட உயிரே. பாருங்க, எல்லாரும் அழறாங்க.”

“எம் மவ சாவுக்கு வராதவங்க எதுக்குடா இப்ப அழணும்?”

தவமணி, பக்கத்தில் காட்சிக்கு வைத்திருந்த அதே கண்ணாடியைக் கழற்றி அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். சுவருக்குப் போகவேண்டிய அவள் முகம், ஒளிக்குக் குறுக்கே நின்ற அவள் முதுகிலேயே விழுந்து அழுதது.

“நீ சொல்லு. ‘நான் யாரையும் ஏமாத்தல’ன்னு முப்பது தடவ.”

“அக்கா, ப்ளீஸ்...”

“சொல்றா!”

கூட்டம் பார்க்கிறதே என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்தான். நாலாவது தடவையில் குரல் உடைந்தது. சுற்றிலும் கைப்பேசிகள் உயர்ந்தன. முகத்தைப் பொத்திக்கொண்டு, “எடுக்காதீங்க, நிறுத்துங்க” என்றான்.

“நிறுத்திட்டோம் சார்” என்றது ஒரு குரல்.

ஒரு கையும் இறங்கவில்லை.