மாமனார் கட்டிய கணப்பு

"சும்மா ஒரு தட்டு தட்டினேம்மா. பொலபொலன்னு மொத்தமும் சரிஞ்சிடுச்சு."

வில்ஃப் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். தொப்பியிலிருந்து மீசை வரை வெள்ளைத் தூசி. வரவேற்பறைக் கம்பளத்தின் மேல் மஞ்சள் கற்கள் மலையாகக் குவிந்து கிடந்தன. மதியம் வரைக்கும் அது குளிர்காய நெருப்பு மூட்டும் கணப்பாக இருந்தது.

மகள் ஹெதர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். மருமகன் ரஸ்ஸல், கடையில் வாங்கி வந்த ரோஜாத் தொட்டியைக் கீழே வைக்கக்கூட மறந்து நின்றான்.

"ஒரு கல்லு லேசா ஆடுது, பூசி விடறேன், நீங்க ரெண்டு பேரும் நிதானமா போயிட்டு வாங்கன்னுதானே மாமா சொன்னீங்க?"

"ஆமா மாப்பிள்ளை. அதைத்தான் பூசப் போனேன்."

"பூசறதுக்கு எதுக்கு மாமா தட்டணும்?"

வில்ஃப் மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"போகட்டும் விடுங்கப்பா. உங்களுக்கு அடி கிடி படலையே? உக்காருங்க, டீ போடறேன்" என்று சொல்லிவிட்டு ஹெதர் சமையலறைக்கு ஓடினாள்.

ரஸ்ஸல் பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினான்.

"பாத்தியா உங்கப்பா லட்சணத்தை? ஊர்ல பாதி வீட்டைக் கட்டின கொத்தனாராம்! ஒரு கல்லைப் பூசறேன்னு சொல்லிட்டு சுவரையே பேத்து வச்சிருக்கார். இனிமே அவர் கையில ஒரு ஸ்பூனைக்கூடக் குடுக்காதே!"

ஹெதர் கெட்டிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தாள்.

"போயிடுச்சு ரஸ்ஸல்! போயே போயிடுச்சு!"

"மெதுவா! அவருக்குக் கேட்டுடப் போகுது!" என்றவனுக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

அந்தக் கணப்பு, அவர்கள் கல்யாணத்துக்கு வில்ஃப் தன் கையால் கட்டிக் கொடுத்த பரிசு. அப்போது இங்கிலாந்தின் யார்க்ஷயர் வட்டாரம் முழுக்க அதுதான் நாகரிகம். சுவர் நீளத்துக்கும் கல். டிவி வைக்க ஒரு மாடம், பித்தளைக் குதிரை வைக்க நாலு மாடம். நாகரிகம் மாறியதும் தெருவில் எல்லோரும் இடித்துத் தள்ளிவிட்டார்கள். ஹெதர் வீட்டில் மட்டும் அது பாதி அறையை அடைத்துக்கொண்டு நின்றது. விருந்தாளி நாலு பேர் வந்தால் ஒருவர் மாடிப்படியில்தான் உட்கார வேண்டும்.

யார்க்ஷயர்க்காரர்கள் வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவர்கள். ஹெதர் அதில் இன்னும் ஒரு படி மேல். பாதிரியாரிடமே "இன்னிக்குப் பிரசங்கம் ரொம்ப இழுவை" என்று சொன்னவள். ஆனால் ஞாயிறு மதியம் வறுத்த மாட்டிறைச்சிச் சாப்பாட்டுக்கு அப்பா வந்து, அந்தக் கல்லைத் தட்டிக் கொடுத்துவிட்டு, "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டால் மட்டும், "ரொம்ப அழகா இருக்குப்பா" என்பாள்.

அவ்வளவுதான். அதற்கு மேல் வாய் வராது.

இப்போது கேட்க வேண்டுமா? கற்களை அள்ளிப் போட்ட கையோடு சுவருக்கு வெள்ளையடித்தார்கள். கண்ணாடிக் கதவு போட்ட சின்னக் கறுப்பு இரும்படுப்பு வந்தது. மேலே ஒரே ஒரு ஓக் கட்டை, அவ்வளவுதான் அலங்காரம். சோபாவுக்கு இடம் கிடைத்தது. வீடே மூச்சு விட்டது போலிருந்தது.

முதல் நெருப்பை அப்பாதான் மூட்ட வேண்டும் என்று ஹெதர் பிடிவாதம் பிடித்தாள். வில்ஃப் குனிந்து பற்ற வைத்தார். அடுப்புக்குள் விறகு படபடவென்று பிடித்துக்கொண்டது. ஹெதர் சின்னப் பிள்ளையாட்டம் கைதட்டினாள். வில்ஃப் நெருப்பைப் பார்க்கவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு வருத்தமில்லையேப்பா?"

"எனக்கென்னம்மா? நல்லா சூடா இருக்கு."

ரஸ்ஸலுக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. "நான் சொன்னா கோவிச்சுக்காதீங்க மாமா. வயசாச்சு. இனிமே உளி, சுத்தியலையெல்லாம் மூட்டை கட்டி வச்சிட்டு, தோட்டத்துல தக்காளி போடுங்க."

"சரி மாப்பிள்ளை" என்றார் வில்ஃப், பரம சாதுவாக.

ரஸ்ஸல் அதை வீட்டோடு விடவில்லை. ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருந்தான். அன்று மாலை பப்பில், வில்ஃபோடு டாமினோ ஆடும் பழைய கூட்டாளி ஆர்னால்டு பிடித்துக்கொண்டார்.

"என்னப்பா வில்ஃப், கை போயிடுச்சாமே? ஒரே தட்டுல மொத்தமும் காலியாம்! சிமெண்ட்டுக்குப் பதிலா கஸ்டர்டு ஊத்திக் கட்டினியா?"

கடையே கொல்லென்று சிரித்தது. வில்ஃபும் சேர்ந்து சிரித்தார். சத்தம் அடங்கியதும் ஆர்னால்டின் காதருகே குனிந்தார்.

"டேய், நான் கட்டினது ஒரே தட்டுல விழுமாடா? அவங்க அந்தப் பக்கம் போனதும் வண்டியிலேருந்து சம்மட்டியை எடுத்துட்டு வந்தேன். கார் சத்தம் கேக்கற வரைக்கும் இடிச்சேன். தோள்பட்டை இன்னும் விண்விண்ணுங்குது."

ஆர்னால்டு கையிலிருந்த காயைக் கீழே வைத்தார். "வேணும்னே இடிச்சியா? ஏன்டா? ஊரே உன்னைக் கையாலாகாதவன்னு சிரிக்குதே!"

"சிரிக்கட்டும்" என்ற வில்ஃப் ஒரு மடக்கு பீர் குடித்தார். "பாதிரியாருக்கே பயப்படாம உண்மையைச் சொல்ற பொண்ணுடா அவ. எனக்காக வாராவாரம் பொய் சொல்லிட்டிருந்தா. பாவம், எத்தனை வருஷம்தான் கஷ்டப்படுவா?"