ரம்பத்தின் மூடி

கலையரசன் பழைய பிளேடைக் கழற்றித் தரையில் வைத்தான். தேவதர்ஷினி இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

மகள் நகர்ந்ததை அப்பா பாவாடை பார்த்தார். பார்க்காதவர்போல ஸ்பேனரை எடுத்து நீட்டினார்.

சின்னசேலம் ரயில்வே ஸ்டேஷன் ரோட்டில் பதினாறு வருடமாக இருக்கிறது அவருடைய மரப்பட்டறை. அதிலிருக்கும் மேஜை ரம்பம் மட்டும் ஏழு மாதமாக ஓடவில்லை. அதை ஆபத்தில்லாத மிஷினாக மாற்றத்தான் சேலத்திலிருந்து காலை ரயிலில் வந்திருந்தான் கலையரசன்.

மகளைக் கேட்காமலே பாவாடை அவனை வரச் சொல்லியிருந்தார். அவள் மறுபடி அந்த மேஜைமுன் நிற்க வேண்டும். அவருக்கு வேறு ஆசை இல்லை.

கொண்டுவந்த பாகங்களைக் கலையரசன் ஒவ்வொன்றாக மாட்டினான்.

பிளேடுக்குப் பின்னால், அதே உயரத்தில், மெல்லிய இரும்புத் தகடு. இனி அறுபட்ட மரம் மறுபடி சேர்ந்து பிளேடைக் கவ்வாது. கட்டை எகிறி ஆள்மேல் பாயாது.

மேலே கண்ணாடி மாதிரி ஒரு மூடி. மரம் உள்ளே போகும், விரல் போகாது.

முழங்கால் உயரத்தில் அகலமான சிவப்பு சுவிட்ச். கை மாட்டினாலும் காலால் இடித்து நிறுத்தலாம்.

கடைசியாக, மரத்தை அணைத்துத் தள்ளுவதற்கு அளவு பொறித்த புதுச் சட்டத்தைப் பொருத்தினான். தேவதர்ஷினி அப்போதுதான் கிட்டே வந்து குனிந்து பார்த்தாள்.

“பின்னாடி அரை மில்லி வெளிய போவுதுண்ணா.”

அவன் ஸ்கேலை வைத்துப் பார்த்தான். சரியாக அரை மில்லிமீட்டர்.

அவளுக்குக் கண்ணே அளவுகோல். டிப்ளமோ முடித்த கையோடு, வேறு வேலை வேண்டாம், பட்டறைக்கே வருகிறேன் என்று வந்தவள். அவள் இழைத்துச் சேர்த்த மூட்டில் தாள்கூட நுழையாது என்று எலவனாசூர்கோட்டையிலிருந்தெல்லாம் கதவு கேட்டு வந்தார்கள்.

அந்த வலது கையில் இப்போது பெருவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம்.

எப்படி நடந்தது என்று கேட்டால் ஊரே ஒரே மாதிரி சொல்லும். பிளேடுமேல் இருந்த பழைய மூடியை அந்தப் பெண்ணே கழற்றிப் போட்டுவிட்டு அறுத்தது. அப்பன் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை.

மூங்கில்துறைப்பட்டு மாப்பிள்ளை வீட்டாருக்கும் அதுதான் காதில் விழுந்தது. நிச்சயம் முடிந்து, பத்திரிகை அடிக்கக் கொடுத்திருந்த நேரம். மாப்பிள்ளை கவியரசனின் அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்து நிஜமாகவே அழுதாள். பிறகு வராந்தாவுக்கு வந்து பாவாடையிடம் சொன்னாள்.

“வெரலு போனதுகூடப் பரவால்லிங்க. பெத்தவங்க பேச்சையே கேக்காத பொண்ண எப்டிங்க கட்டிக்கினு போறது?”

கவியரசன் எடுத்துக் கொடுத்திருந்த நிச்சயப் புடவையை, இடது கையாலேயே மடித்துத் திருப்பி அனுப்பினாள் தேவதர்ஷினி. மடிக்க வெகுநேரம் ஆயிற்று. உதவிக்கு யாரையும் கூப்பிடவில்லை.

கலையரசன் போல்ட்டுகளை முடுக்கிவிட்டு மேஜையின் பின்பக்கம் தடவிப் பார்த்தான்.

“இதுல ஏற்கெனவே மூடி இருந்த தடம் இருக்குதேங்க. யாரு கழட்டுனது?”

பாவாடை உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார்.

“நான்தாண்ணா,” என்றாள் தேவதர்ஷினி. “அப்பா வாணாம்னு சொல்லிக்கினேதான் இருந்தாரு.”

குரலில் குத்தல் இல்லை. மரத்தின் நீள அகலம் சொல்வதுபோலச் சொன்னாள்.

விரல் போன அன்று காலை அவள் பட்டறைக்குள் நுழையும்போதே மூடி கழன்று மூலையில் கிடந்தது. ஜன்னலுக்கு மெல்லிய ரீப்பர் கட்டை அறுக்க அது இடைஞ்சலாக இருக்கிறதென்று முந்தின நாள் கழற்றியவர் பாவாடை.

“மாட்டிக்கினு ஓட்டட்டாப்பா?” என்று அவள் கேட்டாள்.

“அர மணி நேர வேல. அப்டியே ஓட்டிடு,” என்றார் அவர்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் விசாரித்தபோது பயத்தில் அவர் வாயில் வந்துவிட்டது அந்தப் பொய். ஒருவரிடம் சொன்ன பிறகு எல்லோரிடமும் அதையே சொல்ல வேண்டியதாயிற்று. சம்பந்தி அம்மாளிடமும் அவர்தான் சொன்னார். மகள் ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசவில்லை. அதிர்ச்சியில் அவளுக்கு அன்றைய காலை மறந்துபோயிருக்கும் என்று எப்படியோ நம்பிக்கொண்டார். அப்படி நம்பினால்தான் சோறு இறங்கியது.

இப்போது அவள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதையும் மறந்தவள் பார்க்கிற பார்வை இல்லை அது.

கலையரசன் பாவாடையின் பக்கம் திரும்பினான்.

“நீங்களாவது இன்னும் கண்டிச்சுத் தடுத்திருக்கலாமேங்க?”

பட்டறையில் இருந்தது மூன்று பேர். கேட்கிறவனோ சாயங்காலம் ரயிலேறிப் போய்விடுகிற வெளியூர்க்காரன். உண்மையைச் சொல்ல இதைவிட லேசான நேரம் அந்த ஏழு மாதத்தில் வந்ததில்லை.

“சொன்னேம்பா,” என்றார் பாவாடை. “கேக்கல.”

சொல்லி முடித்த பிறகுதான் தன் குரல் அவருக்கே கேட்டது.

தேவதர்ஷினி இன்னும் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள்.

பிறகு கலையரசனிடம் தலையாட்டினாள்.

“ஆமாண்ணா.”