அடியில் இருந்த தாள்

சலவைக்கூடத்து இஸ்திரி மேசை மேலேயே தற்காலிக வேலைக்கான ஒப்பந்தத்தை விரித்திருக்கிறார் சூப்பர்வைசர். மேசைச் சூட்டில் தாளின் ஓரம் மெல்லச் சுருள்கிறது. புதிதாக வேலைக்குச் சேர வந்தவள் அதை உள்ளங்கையால் நீவிவிட்டு, அவர் விரல் தொட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடுகிறாள். அடியிலிருந்து இன்னொரு தாள் வருகிறது. மொத்தமே நாலு வரி. சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று அச்சடித்திருக்கிறது. "இன்னும் சேரவே இல்லையே சார், அதுக்குள்ள போறேன்னு எழுதிக் குடுக்கணுமா?" சிரித்துக்கொண்டேதான் கேட்கிறாள்; அந்தச் சிரிப்புக்குத் துணைக்கு ஆளில்லை. "எல்லாரும் குடுத்ததுதாம்மா. பீரோவுல சும்மா கிடக்கும். தேவைப்பட்டா எடுப்போம்." துணி மடிக்கும் பெண்களின் கைகள் ஒரு நொடி நின்று, மறுபடி மடிக்கின்றன, ஒருத்தியும் தலை நிமிரவில்லை. பின்னால் மெஷின் புஸ்ஸென்று நீராவி விடுகிறது. வேலை கிடைத்துவிட்டதென்று காலையிலேயே, வாடகை கேட்டு நின்ற வீட்டுக்காரர் காதில் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். அந்தத் தாளிலும் கையெழுத்துப் போடுகிறாள். பழக்கதோஷத்தில் கை, கீழே தேதி எழுத இறங்குகிறது. சூப்பர்வைசர் சட்டென்று அந்தக் கோட்டின் மேல் கட்டைவிரலை வைத்து மறைக்கிறார். "தேதியை நாங்க போட்டுக்குவோம்மா. நீ போய் ஏப்ரனை மாட்டிக்க."