கச்சேரிக்கு நாலு டிக்கெட்

"ஒரிஜினல் டிக்கெட்டுதானே அண்ணே?"

"இன்னாம்மா இப்டி கேட்டுட்ட? டூப்ளிகேட்டுன்னா செருப்பால அடி."

சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் பகலவன் சத்தியம் செய்தான். போன வருஷம் அவன் விற்ற போலி டிக்கெட்டோடு, சர்க்கஸ் வாசலில் ஊரே சிரிக்க அப்பாவும் தானும் கூனிக் குறுகி நின்றதை லீலா மறக்கவில்லை. அவனுக்கோ அவள் முகமே நினைவில்லை.

இந்த முறையும் முத்திரை மை விரலில் ஒட்டியது. தெரிந்தே நாலு டிக்கெட் வாங்கிக்கொண்டாள்.

"குடும்பத்தோட போறியா?"

"எனக்கில்லண்ணே. மண்ணூர்ல எங்க பக்கத்து வூட்டுக்கு. அவங்க பொண்ணு சுபஸ்ரீயைப் பாக்க நீ வந்தப்போ உன்னைப் பாத்தேன். மாப்பிள்ளை ஆசையா குடுத்தனுப்பினார்னு சொல்லிடறேன்."

பஸ் வந்தது. லீலா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பகலவன் கூடவே ஓடிவந்தான்.

"தாயே, அந்த டிக்கெட்டை மட்டும் திருப்பிக் குடுத்துடும்மா..."